புதுக்குப்பத்து ஜெர்மனி

1914 ஜூலை 1, புதன்

தபால் வண்டி இன்றும் தாமதம். மாட்டுக்குக் கால் நோவாம். பையைப் பிரித்து முத்திரை குத்தி முடிப்பதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிட்டது. பண்ணையார் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரை வழக்கம்போல உறையிலிருந்து உருவிப் படித்துவிட்டு, வழக்கம்போலச் சுருட்டி உள்ளே செருகினேன். அவர் சாயங்காலம் தூங்கி எழுந்த பிறகுதான் ஆள் அனுப்புவார். அதுவரை இந்த மணற்பட்டணத்தில் உலக சமாசாரம் தெரிந்த மனிதன் போஸ்ட்மாஸ்டர் சட்டநாத பிள்ளையாகிய நான் ஒருவன்தான்.

ஆஸ்திரியா தேசத்து இளவரசரையும் அவர் சம்சாரத்தையும் செர்விய ஜாதிப் பையன் ஒருவன் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றுவிட்டானாம். தபாலாபீஸ் வராந்தாவில் நிழலுக்கு ஒதுங்கியிருந்தவர்களிடம் சொன்னேன். ஒருவரும் லட்சியம் பண்ணவில்லை. "அது கெடக்கட்டும், மழை எப்பன்னு போட்டிருக்குங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

என் சம்சாரம் செங்கமலம் மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்தாள். காக்காய் ஓட்டினேன்.

ஜூலை 12, ஞாயிறு

இன்று ஒரு யுக்தி தோன்றியது. இந்த ஜனங்களுக்கு ஆஸ்திரியா, ருஷியா என்றால் வாயிலும் நுழையாது, மனதிலும் நுழையாது. நம் கடற்கரையை வைத்தே சொன்னால் என்ன?

வடக்கே பழையகுப்பம். கடலும் கரையும் தன் பாட்டன் வைத்துவிட்டுப் போன சொத்து என்று நினைக்கிற ஊர். அது இங்கிலாந்து. தெற்கே புதுக்குப்பம். பிந்தி வந்து குடியேறி, புது வலை, புதுக் கட்டுமரம் என்று ஓங்கி வளர்ந்து, வலை இழுக்கக் கரை போதவில்லையே என்று முறைத்துக்கொண்டிருக்கிற ஊர். அது ஜெர்மனி. இரண்டுக்கும் நடுவே, ஆறு கடலில் விழுகிற இடத்தில், நாலு குடிசையும் பெரிய வாயுமாக இருக்கிற நண்டுமேடு, செர்வியா. ஆஸ்திரியாவுக்கு மட்டும் ஊர் அகப்படவில்லை. அதையும் புதுக்குப்பத்தின் தலையிலேயே கட்டினேன்.

சிரிப்பு தாங்கவில்லை. எல்லாருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. யாருக்கு யாரைக் கண்டால் ஆகாது, யார் யாருக்குப் பெண் கொடுத்தவர், யாரை அடித்தால் யார் வருவார் என்பதெல்லாம் அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லையே.

அப்பாவு நாட்டாரும் கூட்டத்தில் இருந்தார். புதுக்குப்பத்துக்கு அவர்தான் தலைவர். என் வீட்டுக்கு மீன் வருவதும் அவர் தயவில்தான். "அப்ப நாங்க ஜெர்மனியாங்கய்யா? நல்ல தேசந்தானே அது?" என்றார். "பலமான தேசம்" என்றேன். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஜூலை 16, வியாழன்

வராந்தாவில் இடம் போதவில்லை. உள்ளே இருந்த பெஞ்சியையும் வெளியே போடச் சொன்னேன்.

பழையகுப்பத்துத் தலைவர் உத்தண்டி நாட்டார் இன்று வந்திருந்தார். ஒரு தூணில் சாய்ந்து நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். நான் முடித்ததும், எல்லார் முன்னாலும், "சீமையில எவன் எவனையோ அடிச்சிக்கப் போறான். அதுல ஐயாவுக்கு ஏன் இம்புட்டு சந்தோசம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

படிப்பில்லாதவர் பேச்சை நான் பொருட்படுத்துகிற வழக்கமில்லை. இதை எழுதுவதுகூட ஒரு விவரத்துக்காகத்தான்.

ஜூலை 21, செவ்வாய்

கடுமையான புழுக்கம். புது ஸ்டாம்புகள் வந்தன. புதுக்குப்பத்தாரின் பெரிய வலையை முகத்துவாரத்தில் நண்டுமேட்டு ஆள் ஒருவன் அறுத்துவிட்டானாம். செல்லான் என்று பெயர். போன மாசம்தான் கலியாணம் ஆனவன். தன் தோணி அதில் சிக்கிக்கொண்டதால் அறுத்தேன் என்கிறானாம். வேண்டுமென்றே அறுத்தான் என்கிறார்கள் இவர்கள்.

"பாத்தீங்களாய்யா, செர்வியாக்காரன் வேலைய!" என்று ஒரு இளவட்டம் கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூலை 27, திங்கள்

இன்றைய பேப்பரைப் படித்துவிட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆஸ்திரியா செர்வியாவுக்குக் கெடு வைத்திருக்கிறது. பத்து நிபந்தனை. இரண்டே நாள் தவணை. ஒன்றைக்கூடத் தட்டக் கூடாது. என்ன கம்பீரம்! ராஜ்யம் என்றால் இப்படியல்லவா பேச வேண்டும்.

சாயங்காலம் அப்பாவு நாட்டார் வந்தார். வலை விஷயமாக என்ன செய்யலாம் என்று யோசனை கேட்டார். "உங்கள் வழக்கம் என்ன?" என்றேன்.

"வழக்கம் என்னங்க வழக்கம். வெத்தலை பாக்கு குடுத்து ஆள் அனுப்புவோம். அமாவாசைக்கு உக்காந்து பேசலாம்பாங்க. அமாவாசையன்னிக்கு எவனாச்சும் ஒருத்தனுக்குக் காய்ச்சல்னு சொல்லிடுவாங்க. சரி, அடுத்த அமாவாசைம்போம். அப்ப எங்காளுக்கு வயித்து வலி வந்துடும். ரெண்டு மூணு தவணை போச்சுன்னா சூடு ஆறிடுங்க. அப்புறம் அம்மன் கோயில்ல ஒரு சோத்தைப் போட்டுத் தின்னுட்டு எந்திரிச்சிடுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வலையை அறுத்தவனோடு உட்கார்ந்து சோறு தின்பதா? "நாட்டாரே, இந்தக் காலத்தில் இதெல்லாம் கையாலாகாதவன் செய்கிற வேலை. ஜெர்மனி என்று பெயர் வாங்கியிருக்கிறீர்கள். அதற்குத் தகுந்தபடி நடக்க வேண்டாமா?" என்றேன்.

நானே வாசகம் சொல்லிக் கொடுத்தேன். நண்டுமேட்டார் எல்லாரும் புதுக்குப்பத்து மணலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். புது வலைக்கு நூல் கொடுக்க வேண்டும். இனிமேல் முகத்துவாரத்தில் இவர்களைக் கேட்காமல் தோணி இறக்கக் கூடாது. செல்லானை இவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டும். நாளை மறுநாள் விளக்கு வைப்பதற்குள் பதில் வர வேண்டும்; யோசித்துச் சொல்கிறோம் என்பது பதில் ஆகாது. வெற்றிலை பாக்கு கிடையாது. மனப்பாடமாகும்வரை அவரைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பாவம், பள்ளிக்கூடத்துப் பையன்போலச் சொன்னார்.

"ஆளைக் குடுன்னு கேக்கணுங்களாய்யா? அது கொஞ்சம்…" என்று இழுத்தார்.

"அதுதான் முக்கியம்" என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் கொடுத்துவிட்டுப் போன வஞ்சிர மீன். செங்கமலம் நன்றாகவே குழம்பு வைத்திருந்தாள்.

ஜூலை 30, வியாழன்

நண்டுமேட்டிலிருந்து பதில் வந்துவிட்டதாம். மன்னிப்புக் கேட்கிறார்களாம். நூல் தருகிறார்களாம். முகத்துவாரத்தில் கேட்டுக்கொண்டு இறக்குகிறோம் என்கிறார்களாம். செல்லானை மட்டும் அனுப்ப மாட்டார்களாம்.

அப்பாவு நாட்டார் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "முக்காவாசி ஒத்துக்கிட்டாங்கய்யா. புள்ள புதுசாக் கண்ணாலம் ஆனவன். நாங்களும் மனுசங்கதானே. போதும்னு முடிச்சிடலாங்களா?"

செர்வியாவும் ஏறக்குறைய இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. ஆஸ்திரியா அதை ஒப்புக்கொள்ளாமல் யுத்தப் பிரகடனம் செய்துவிட்டதாக இன்றைய பேப்பரில் தந்திச் செய்தி. அதைத்தான் அவரிடம் சொன்னேன். "ஒன்றை விட்டுக்கொடுத்தால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த மாதிரி. நாளைக்கு உங்களை யார் மதிப்பார்கள்?" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். "ஐயா சொன்னா சரி" என்று எழுந்து போனார்.

வராந்தாவில் உத்தண்டி நாட்டாரின் ஆட்கள் ஒருவரையும் காணோம்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

இங்கிலாந்தும் இறங்கிவிட்டது! ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் காலை வைத்ததுதான் சாக்கு. ருஷியா, பிரான்ஸ், எல்லாரும் இறங்கியாயிற்று. ஒருவன் கையைப் பிடித்தால் ஒன்பது பேர் கூட வருகிறார்கள். இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறேன்.

இங்கேயும் அப்படித்தான். செல்லான் கட்டியிருப்பது உத்தண்டி நாட்டாரின் தங்கை மகளை. ஆகவே பழையகுப்பம் நண்டுமேட்டுக்குத் துணை. பழையகுப்பத்தில் பெண் எடுத்த காரணத்தால் ஆற்றுக்கு அப்பால் இருக்கிற குப்பமும் துணை. அந்தக் குப்பத்தோடு முன்பு ஒரு மீன் பங்குத் தகராறு இருந்ததால் அதற்கும் தெற்கே இருப்பவர்கள் புதுக்குப்பத்தின் பக்கம். செல்லான் அறுத்த வலையைக் கண்ணால்கூடப் பாராதவர்கள் எல்லாம் துடுப்பைத் தீட்டுகிறார்கள். ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயிலில் ஒரே நாளில் இரண்டு பூசை நடந்தது.

புதுக்குப்பத்தார் வலை இழுக்கும்போது ஏலேலோவுக்குப் பதில் "ஜெர்மன், ஜெர்மன்" என்று சொல்லி இழுக்கிறார்கள். தபாலாபீஸ் வரை கேட்கிறது. பண்ணையாரே என்னைக் கூப்பிட்டனுப்பி, நாற்காலி போட்டு, யுத்தம் எப்படிப் போகிறது என்று கேட்டார். அவர் பேப்பரை நான் முதலில் படித்துவிடுவது தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

கரையில் அடிதடி.

நான் உள்ளே முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். பெண்கள் ஓலமிடும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். போய்ப் பார்க்கவில்லை. ஆபீசைத் திறந்து போட்டுவிட்டுப் போக முடியாது.

ஆகஸ்ட் 12, புதன்

செல்லான் இறந்துவிட்டான். துடுப்பால் பின்மண்டையில் அடி. அடித்தது யார் என்று எந்தக் குப்பத்திலும் சொல்ல மாட்டேன் என்கிறார்களாம்.

"அந்தப் பொண்ணு கழுத்துல மஞ்சக் கயிறு இன்னும் காயலீங்க" என்றாள் செங்கமலம். மணியார்டர் கணக்கில் ஏதோ இடித்தது. அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 15, சனி

வராந்தாவில் இன்று யாரும் இல்லை. பெஞ்சியை உள்ளே எடுத்துப் போடச் சொன்னேன்.

செப்டம்பர் 2, புதன்

அப்பாவு நாட்டார் வந்தார். இளைத்துவிட்டார். அவர் மகனுக்குத் தோள் எலும்பு முறிந்து பச்சிலைக் கட்டு போட்டிருக்கிறதாம்.

உட்காரச் சொன்னேன். நின்றார். "உத்தண்டியண்ணங்கிட்ட வெத்தலை பாக்கு அனுப்பிட்டேங்கய்யா" என்றார். என்னிடம் அனுமதி கேட்பதுபோல இருந்தது அவர் சொன்ன விதம். "போன உசிருக்கு ஒண்ணும் ஈடில்ல. அந்தப் பொண்ணுக்கு உள்ள காலமட்டும் எங்க குப்பத்துலேருந்து பங்கு போவும். அமாவாசைக்கு உக்காரலாம்னிருக்கு."

"நல்லது நாட்டாரே" என்றேன். என் மேல் ஒரு சொல் குற்றம் சொல்லியிருந்தால் எனக்கு எத்தனையோ சுலபமாக இருந்திருக்கும். "ஐயாவுக்கு ரொம்ப நாளா மீன் குடுத்து விடலியே" என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டு போனார்.

செப்டம்பர் 20, ஞாயிறு

அமாவாசைக்கு உட்காரவில்லை. உத்தண்டி நாட்டாருக்குக் காய்ச்சலாம். அடுத்த அமாவாசைக்குத் தள்ளியிருக்கிறது.

முன்பு சிரித்தேன். இன்று அந்தக் காய்ச்சலைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. சூடு ஆறுகிறது. இன்னும் ஒரு காய்ச்சல், ஒரு வயிற்றுவலி, அப்புறம் கோயில் சோறு. போலீஸ் வழக்கும் சாட்சி இல்லாமல் தூங்குகிறது. செங்கமலத்திடம்கூட இன்று சிரித்துப் பேசினேன்.

செப்டம்பர் 24, வியாழன்

எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னப்பட்டணத்தின் மேல் குண்டு போட்டுவிட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிகின்றனவாம். பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறதாம்.

இங்கேயும் ஒரே கலவரம். பண்ணையார் குடும்பம் கும்பகோணத்துக்கு வண்டி கட்டியாயிற்று. கடலில் பாய்மரம் தெரிந்தால் போதும், ஜனங்கள் கரையை விட்டு ஊருக்குள் ஓடுகிறார்கள். கடைத்தெருவில் ஒருவர் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்: "எங்கேயோ கடல்ல போறவனுக்கு நம்ம கரை எப்படித் தெரியும்? இங்கேயே ஜெர்மனிக்காரன் இருக்கானே, புதுக்குப்பத்துல!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. நம்பினார்கள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அது விளையாட்டுக்குச் சொன்னதப்பா என்று அப்போதே அங்கேயே சொல்லியிருக்கலாம். உப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 28, திங்கள்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுதுகிறேன்.

சர்க்கிள் இன்ஸ்பெக்டர் தபாலாபீசிலேயே விசாரணை வைத்தார். இந்த ஊரில் நாற்காலி மேஜை இருக்கிற சர்க்கார் கட்டிடம் இது ஒன்றுதான். அப்பாவு நாட்டாரைக் கையில் கயிறு கட்டிக் கூட்டி வந்திருந்தார்கள்.

"சமுத்திரக் கரையில ஜெர்மனின்னு ஒரு ஊரு. வலை இழுக்கறப்ப ஜெர்மனுக்கு ஜே போடறானுங்க. இங்கிலாந்துக் கட்சின்னு சொல்லி இன்னொரு ஊரு ஆளை அடிச்சுக் கொன்னிருக்கானுங்க. என்னய்யா கூத்து இது? பிள்ளைவாள், நீர் சர்க்கார் உத்தியோகஸ்தர். நீர் சொல்லும். இவனுங்களுக்கு இந்தப் பேர் எப்படி வந்தது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஊரில் அப்படிச் சொல்கிறார்கள்" என்றேன்.

"யாரு சொல்றது?"

"ஊரார்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். "ரெண்டு நாள்ல பதில் வரணும்னு கெடு வச்சு ஆள் அனுப்பியிருக்கான். ஆளை ஒப்படைன்னு கேட்டிருக்கான். மீன் பிடிக்கிறவனுக்கு ஏது ஓய் இந்தப் புத்தி? எவனோ சொல்லிக் குடுத்திருக்கணும். வெளியாள் எவனாவது வந்து போனதைப் பாத்தீரா?"

அப்பாவு நாட்டார் அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான். உடனே குனிந்துகொண்டார்.

பதினெட்டு வருஷ சர்வீஸ், பென்ஷன், இந்த வீடு, சிறையில் களி, எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. "எனக்குத் தெரியாது" என்றேன்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார். "எவன்டா சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்லீங்க. எனக்காத்தான் தோணுச்சு."

"பாத்தீரா, அழுத்தக்காரன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார். யாரோ ஒருவருக்காக மறைக்கிறான் என்று அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. யாருக்காக என்பதுதான் புரியவில்லை. எதிரில் உட்கார்ந்து அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன் நான்.

செப்டம்பர் 29, செவ்வாய்

வீடும் ஆபீசும் ஒரே சுவர். செங்கமலம் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சாதம் போடும்போது, "ஊரார்னா யாருங்க?" என்று கேட்டாள்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

அக்டோபர் 8, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. யுத்த காலமாகையால், அப்பாவு நாட்டார் யுத்தம் முடியும் மட்டும் எந்தக் கடற்கரைத் தாலூகாவிலும் கால் வைக்கக் கூடாது. நாமக்கல் பக்கம் ஏதோ ஒரு ஊரில் போலீஸ் பார்வையில் இருக்க வேண்டும். பிறந்த நாள் முதல் கடல் சத்தம் கேட்காமல் ஒரு நாளும் தூங்கியிராத மனிதர்.

அவரை ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் வண்டி தபாலாபீஸ் வாசலில் நின்றது. அவர்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நான் வெளியே வந்தேன். ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன், கால் வந்துவிட்டது.

"ஐயா, சீமைச் சண்டை எப்ப முடியுங்க?"

பேப்பரில் எல்லாரும் எழுதுவதைச் சொன்னேன். "கிறிஸ்மஸுக்குள் முடிந்துவிடும்."

"அது எப்பங்க வரும்?"

"மார்கழியில்."

"அடடே, ரெண்டே மாசம்!" என்று சிரித்தார். வண்டிக்குப் பின்னால் நின்றிருந்த அவர் சம்சாரம் காத்தாயியிடம், "கேட்டுக்கிட்டியா? மார்கழியாம். தையில வலை இழுக்க வந்துடுவேன்" என்றார். நான் சொன்னதை அவர் நம்பாமல் இருந்தது எப்போது?

அக்டோபர் 15, வியாழன்

காத்தாயி மீன் கூடையோடு வந்தாள். விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்புகிற வழி. "சண்டை முடிஞ்சிடுச்சாங்கய்யா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். சரிங்க என்று போனாள்.

பேப்பரை உறையிலிருந்து உருவ இப்போதெல்லாம் மனம் வருவதில்லை. ஆனாலும் உருவுகிறேன். யுத்தம் முடிந்துவிட்டது என்று இருக்குமோ என்று பார்ப்பதற்காக.

அக்டோபர் 24, சனி

லீவு போட்டுவிட்டுத் தாலூகா கச்சேரிக்குப் போனேன். டிப்டி கலெக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துதான் போனேன். வழியெல்லாம் வாசகம் தயார் செய்தேன். அந்தப் பெயரை வைத்தது நான். கெடு வைக்கச் சொன்னது நான். முடித்துக்கொள்ளலாமா என்று வந்தவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதும் நான்.

அவர் தங்கமான மனிதர். உட்காரச் சொன்னார். "என்ன விஷயம் பிள்ளை?" என்றார்.

தபாலாபீஸ் கூரை ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கூரை ஒழுகுவது உண்மைதான். இதைச் சமாதானமாக எழுதவில்லை. நான் எவ்வளவு கேவலமானவன் என்பது எனக்குத் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன்.

நவம்பர் 5, வியாழன்

மழை. காத்தாயி நனைந்துகொண்டே வந்து கேட்டாள். இல்லை என்றேன்.

நவம்பர் 13, வெள்ளி

எம்டன் கப்பலை நாசம் செய்துவிட்டார்களாம். கடைத்தெருவில் வெடி. தீபாவளிக்கு மிச்சமானதையெல்லாம் கொளுத்துகிறார்கள். பழையகுப்பத்தில் மட்டும் சத்தம் இல்லை. உத்தண்டி நாட்டார் இரண்டு தடவை கச்சேரிக்கு நடந்து, "எங்களுக்குள்ள நாங்க பேசி முடிச்சிக்கிறோம், அப்பாவுவ விட்டுடுங்க" என்று மனுக் கொடுத்தாராம். செல்லானைப் பறிகொடுத்த மனிதர். ஜெர்மனிக்காரனுக்குப் பரிந்து பேசாதே என்று விரட்டிவிட்டார்களாம்.

டிப்டி கலெக்டர் ஆள் அனுப்பியிருந்தார். யுத்த நிதிக்காகத் தாலூகாவில் பெரிய கூட்டமாம். அக்கம்பக்கத்து ஊர்களை உதாரணம் காட்டி யுத்தத்தை விளக்குவதில் நான் கெட்டிக்காரன் என்று யாரோ சொன்னார்களாம். நான் வந்து பிரசங்கம் செய்ய வேண்டுமாம். மாலை மரியாதை உண்டாம்.

தொண்டைக் கட்டு என்று சொல்லி அனுப்பினேன். ஜூலை மாசத்தில் என்றால் பறந்து போயிருப்பேன். உத்தண்டி நாட்டார் அன்று கேட்டாரே, உனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று. அதற்காகத்தான் நண்டுமேட்டின் மேல் அத்தனை கடுமையாக நின்றேனா? அவரைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்றா? இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

டிசம்பர் 10, வியாழன்

காத்தாயி வந்தாள். இல்லை என்றேன். நாமக்கல் பக்கத்திலிருந்து ஏதாவது தபால் உண்டா என்று அவள் கேட்பதில்லை. அவருக்கு எழுதத் தெரியாது. எழுதித் தர ஆள் பிடித்தாலும், வந்த தபாலை இங்கே அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியவன் நான்.

டிசம்பர் 25, வெள்ளி

விடுமுறை. ஆனாலும் ஆபீஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வருவாள் என்று தெரியும்.

மழை வெறித்திருந்தது. காத்தாயி இன்று குளித்து, நல்ல சீலை கட்டி வந்திருந்தாள். கூடை நிறைய மீன் இருந்தது, இன்னும் விற்கப் போகவில்லை. "வேதக்கோயில்ல மணி அடிக்கிறாங்க. ஐயா சொன்ன பண்டிகை இன்னிக்குத்தானாமே" என்றாள்.

பொங்கலுக்குள் முடிந்துவிடும் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பேப்பரிலும் அப்படித்தான் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். மென்று விழுங்கினேன்.

"முடியவில்லை அம்மா" என்றேன். "எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னேன்."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். நான் எழுந்து நின்றுகொண்டேன். உட்கார்ந்தபடி சொல்ல முடியவில்லை.

"இன்னொன்றும் உண்டு. அந்தக் கெடு வைக்கச் சொன்னது உன் வீட்டுக்காரர் இல்லை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஜெர்மனி என்று பேர் வைத்ததும் நான்தான். அவர் போதும் என்றார். நான் கூடாது என்றேன். இன்ஸ்பெக்டர் கேட்டபோது தெரியாது என்று சொல்லிவிட்டேன்."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"தெரியுங்கய்யா" என்றாள்.

"தெரியுமா? எப்போதிலிருந்து?"

"வண்டி ஏறுறன்னிக்கே சொன்னாருங்க. 'ஐயாகிட்டப் போனா இதைப் பத்தி ஒண்ணும் கேட்டுராதடி. பாவம், படிச்ச மனுசன், வெக்கமாப் போயிரும் அவருக்கு'ன்னாரு. அதான் நான் சண்டையப் பத்தி மட்டும் கேட்டுட்டுப் போயிட்டிருந்தேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் செங்கமலம் விசும்புவது கேட்டது.

காத்தாயி சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் கூடையைத் தூக்கி விடுங்கய்யா, கனமா இருக்கு" என்றாள். தூக்கி விட்டேன். அந்த நேரம் முழுவதும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் தெருப்பக்கம் திரும்பியே நின்றாள்.